பழைய வேக்போர்டு படகு வாங்கினேன்; கேட்க மறந்தது ஒரே ஒரு கேள்வி

படகின் விலை 19,500 டாலர். வாங்கிய பிறகு அதை ஓட வைக்க ஆன செலவு 10,640 டாலர். அதோடு ஒரு முழுக் கோடைக்காலமும் போனது. முதலிலேயே ஒரு 500, 600 டாலர் செலவழித்து விஷயம் தெரிந்த ஒருவரிடம் இன்ஜினைக் காட்டியிருந்தால் அந்தப் பத்தாயிரமும் மிஞ்சியிருக்கும், கோடையும் மிஞ்சியிருக்கும். இங்கே ஏரிப் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். பிள்ளைகள் வேக்போர்டு, வேக்சர்ஃப் என்று ஆசைப்படுகிறார்கள். மாதத்துக்கு ஒருவராவது "படகு வாங்கலாம்னு பாக்குறோம்" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் போனில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்குப் படகு புதிதல்ல. அதுதான் வினையே. பிறந்தது தூத்துக்குடி. அம்மாவின் அண்ணன் திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருந்தார். பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வந்தால் மாமாதான் போய்ப் பார்ப்பார். பலகை பலகையாக விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். 'டொக்' என்றால் நல்ல பலகை, 'தொப்' என்றால் உள்ளே இற்றுப் போயிருக்கிறது. சின்ன வயதில் கூடவே போய்ப் பார்த்தவன் நான். இப்போது இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் என்ற ஊரில். லேனியர் ஏரி காரில் பதினைந்து நிமிடம். 1950களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே புஃபோர்ட் அணை கட்டியபோது உண்டான ஏரி அது. மகள் பள்ளித் தோழி வீட்டுப் படகில் வேக்போர்டு கற்றுக்கொண்டு வந்தாள். அடுத்த இரண்டு மாதத்துக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வேக்போர்டு தெரியாதவர்களுக்கு: இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, படகுக்குப் பின்னால் எழும் அலையின் மேல் ஏறித் தாவுவது. வேகம் மணிக்கு 18 முதல் 23 மைல். கற்றுக்கொள்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. வேக்சர்ஃப் என்றால் படகுக்குப் பக்கத்திலேயே, கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே சறுக்குவது. அலை உயரமாக, சுத்தமாக எழ வேண்டும். அதற்குப் படகின் பின்பக்கம் கனமாக இருக்க வேண்டும். இதற்கென்றே செய்யும் படகுகளில் இன்ஜின் பின் சீட்டுக்கு அடியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் முன்னால் போய், ஒரு கியர் பெட்டியில் மடங்கி, மறுபடி பின்னால் வரும். இதைத்தான் வி-டிரைவ் என்கிறார்கள். இன்ஜின் நட்ட நடுவில் இருந்தால் அது டைரக்ட் டிரைவ். ஸ்கீயிங் ஆட்களுக்குப் பிடித்தது, அலை தட்டையாக இருக்கும். இன்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் பின்பலகைக்கு வெளியேயும் இருப்பது ஸ்டெர்ன்டிரைவ். பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பது இந்த ரகம்தான். நானும் முதலில் அப்படி ஒன்றுக்குத்தான் முன்பணம் கொடுக்கப் போனேன். நண்பன் ஒருவன் போனில் பிடித்துக்கொண்டான். "மச்சான், வேக்போர்டு மட்டும்னா ஓடும். நாளைக்கு உன் பொண்ணு வேக்சர்ஃப் கேட்டா என்ன பண்ணுவ? அதுல பத்தடி தூரத்துலதான் நிப்பா. விழுந்தா புரொப்பல்லர் மேலயே விழுவா." அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன். வி-டிரைவில் புரொப்பல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், பின்பலகையிலிருந்து தள்ளி இருக்கும். பிள்ளைகள் வளர வளர விளையாட்டும் மாறும். இன்றைக்குக் கேட்பதை மட்டும் வைத்துப் படகு தேடாதீர்கள்.

2023 மார்ச்சில் இணைய விளம்பரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. 2004 மாடல், 21 அடி, வி-டிரைவ், கயிறு கட்ட உயரமான டவர், எடைக்குத் தண்ணீர் நிரப்பும் மூன்று பேலஸ்ட் பைகள், இன்ஜின் ஓடியது மீட்டரில் 640 மணி நேரம். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை, தப்பு படகு செய்த கம்பெனி மேல் இல்லை. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். விற்பவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல சிரிப்பு, நாய்க்குட்டி ஒன்று. சீட்டுகள் புதுக் கல்யாண மண்டபம் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தன. நான் நேராக இன்ஜின் மூடியைத் திறந்து, கை விட்டு, மாமா மாதிரி தட்ட ஆரம்பித்தேன். ஃபைபர் படகிலும் அடியில் நீளவாக்கில் சட்டங்கள் உண்டு, ஸ்ட்ரிங்கர் என்பார்கள். இன்ஜினே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பழைய படகுகளில் அது ஃபைபர் போர்த்திய மரம். தண்ணீர் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும், இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட் மாவில் குத்திய ஆணி மாதிரி சுற்றும். இதில் எல்லாம் 'டொக்'. விற்பவர், "இப்படிப் பார்க்கிற முதல் ஆள் நீதான்" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போது யோசித்தால், ஏமாந்த இடங்கள் எல்லாம் அந்த அரை மணி நேரத்திலேயே வரிசையாக நின்றிருக்கின்றன. நான் போய் இறங்கும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்து ஓடவிட்டிருந்தார். "நீங்க வர்றீங்கன்னு சூடு பண்ணி வச்சேன்" என்றார், மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், தேன் நிறம். அன்றைக்குக் காலையில்தான் மாற்றியிருக்க வேண்டும். இன்ஜினின் ஒரு பக்கம், புகை போகும் மேனிஃபோல்டுக்குக் கீழே, பெயின்ட் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. நல்லாப் பராமரிக்கிற மனுஷன் என்று மனைவியிடம் போனில் சொன்னேன். ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, மதியம் இன்னும் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்றார். மனைவி மட்டும், "ஏங்க, கார் வாங்கும்போதே மெக்கானிக்கிட்ட காட்டுவோமே?" என்று கேட்டாள். 'படகைப் பத்தி எனக்கா' என்ற திமிர். மறுநாள் வங்கிக் காசோலை கொடுத்துவிட்டேன்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போனவுடன் மேனிஃபோல்டு மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிரில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறதா, முதல் புகை என்ன நிறம், வால்வுச் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, இதெல்லாம் அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். புது ஆயிலும் புதுப் பெயின்ட்டும் பராமரிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம். எது என்பதைப் பழைய ரசீதுகள்தான் சொல்லும். ரசீது கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: "போன குளிர்காலத்துக்கு முன்னால் இன்ஜினிலிருந்து தண்ணீரை வடித்தது யார், எப்போது?" இந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜினைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீரேதான். கார் மாதிரி கூலன்ட் சுற்றாது. ஏரியிலிருந்து உறிஞ்சி, இன்ஜின் இரும்புக்குள் ஓடவிட்டு, புகையோடு வெளியே தள்ளும். படகை வெளியே எடுத்த பிறகும் இன்ஜினுக்குள் அந்தத் தண்ணீர் தங்கியிருக்கும். உறைந்தால் பருக்கும். வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும். மிச்சிகன், மினசோட்டா ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது, அக்டோபரிலேயே வடித்துவிடுவார்கள். ஜார்ஜியாவில் குளிர் சாதுவாக இருக்கும் என்பதால் பலர் ஏனோதானோ என்று விட்டுவிடுகிறார்கள். 2022 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அட்லாண்டாவில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் பத்துக்கும் கீழே, அதாவது செல்சியஸில் மைனஸ் 12-க்கும் கீழே போனது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் குழாய் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு வீட்டில் நானே வாளி பிடித்தேன். மூன்று மாதம் கழித்துப் படகு பார்க்கப் போனவனுக்கு, இந்த இன்ஜின் அந்த இரண்டு ராத்திரி எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். "எப்பவும் கவர் போட்டுத்தான் வைப்பேன்" என்று அவர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. தார்பாய் மழைக்கு ஆகும், உறைபனிக்கு ஆகாது. தூத்துக்குடிக்காரனுக்குத் தண்ணீர் உறையும் என்பது புத்தகத்தில் படித்த விஷயம்தானே.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ஏரிக்குப் போனோம். அதற்கு முன்பே ஒரு அசட்டுத்தனம் நடந்திருந்தது. படகு 3,600 பவுண்டு, டிரெய்லர் ஆயிரம், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தொடும். எங்கள் வீட்டு வண்டி ஹோண்டா ஒடிசி. அது இழுக்கக்கூடிய உச்ச எடையே 3,500. படகு வாங்கிய பிறகுதான் வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். நண்பனின் பிக்கப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். மகள் இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை எழுந்து நின்றாள். கண்ணாடியில் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை இப்போதும் மறக்க முடியவில்லை. அது சரியாக நாற்பது நிமிடம். ஆயில் பிரஷர் முள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. இன்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, குச்சியை உருவினேன். இன்ஜின் ஆயில் ஓடி ஓடிப் பழகினால் டிகாஷன் நிறத்துக்கு வர வேண்டும். குச்சியில் இருந்தது பால் கலந்த காபி, நுரையோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத எனக்கே வயிற்றைப் பிசைந்தது. நடு ஏரியில், பெரிய படகுகளின் அலையில் ஆடிக்கொண்டு, இழுவைப் படகுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கட்டணம் 410 டாலர். மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மெக்கானிக் வயதானவர், அதிகம் பேச மாட்டார். மேனிஃபோல்டைக் கழற்றினார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் அடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பளிச்சென்று பெயின்ட் அடித்திருந்த அதே இடம். ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் எபாக்ஸிப் பசை. அதையும் நெம்பினார், படலமாக வந்தது. அதற்கும் அடியில், ஒரு பேனா நீளத்துக்கு, பென்சிலால் கோடு இழுத்த மாதிரி விரிசல். "இது வெளியே தெரிகிற விரிசல். ஆயிலில் தண்ணீர் கலக்க வேண்டும் என்றால் உள்ளேயும் ஒன்று இருக்கும். அதில் யாரும் பசை தடவ முடியாது" என்றார். குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடினால் தெரியாதாம். முழு வேகத்தில், முழுச் சூட்டில் இரும்பு விரியும்போதுதான் தண்ணீர் உள்ளே கசியும். அந்தப் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என்ன மருமவனே, தண்ணி இரும்ப ஒடச்சிச்சா? யாருகிட்ட கத விடுத?" விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில், "அப்ப பலகையத் தட்டி என்ன புண்ணியம்?" என்றார்.

விற்றவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன், அடுத்த நாள் என் எண்ணையே தடை செய்துவிட்டார். விற்பனைச் சீட்டில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது, கீழே என் கையெழுத்து. வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். விரிசல் விற்றவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடிந்தால் வழக்கு நிற்கலாம், ஆனால் வரும் பணத்தைவிட எனக்கு ஆகும் செலவு அதிகமாக இருக்கும் என்றார். அந்த வாரம் தூக்கமே இல்லை. பணம் போனதைவிட, அந்தப் புதுப் பெயின்ட்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வந்தேனே, அதுதான் குடைந்தது. நண்பர்கள் பழைய கார் இன்ஜின் ஒன்றைப் போடு, ஆயிரத்து ஐந்நூறில் முடியும் என்றார்கள். மெக்கானிக் மாட்டேன் என்றார். படகில் இன்ஜின் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். கார் ஸ்டார்ட்டரிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் ஒரு பொறி தெறித்தால் போதும், படகே வெடிக்கும். படகுக்கென்று வருபவை பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்தவை. இடுக்கை அடைக்கும் கேஸ்கெட், துளையை அடைக்கும் பிளக் எல்லாமும் துருப்பிடிக்காத உலோகம். படகுக்குள் பொருத்தும் சில இன்ஜின்கள் எதிர்த்திசையில் வேறு சுற்றும். கடைசியில் புதுப்பித்த படகு இன்ஜின் ஒன்று, கூலியோடு 9,150 டாலர். அது வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது. டிரெய்லர் டயரும் பேரிங்கும் 690, தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரமும் ஒரு பேலஸ்ட் பம்பும் 390. இழுவைக் கட்டணத்தோடு கூட்டினால் முதலில் சொன்ன தொகை. ஒடிசியைக் கொடுத்துவிட்டுப் பழைய டஹோ எஸ்யூவி வாங்கியது இதில் சேராது. அந்தக் கணக்கை மனைவி தனியாக வைத்திருக்கிறாள்.

போன வருடம், முதலில் போனில் என்னைத் தடுத்த அதே நண்பன் படகு பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். இந்த முறை விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டோம்: நாங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது. மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனோம். படகைச் சோதிக்கும் சர்வேயர்கள் தனியாக இருக்கிறார்கள். ஆனால் பலர் உடலைத்தான் பார்ப்பார்கள், இன்ஜினைத் திறக்க மாட்டார்கள். என்னென்ன பார்ப்பார் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். மெக்கானிக் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்று பார்த்தார். எண் எவ்வளவு என்பதைவிட எட்டும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம் என்றார். பேலஸ்ட் பைகள் மூன்றையும் நிரப்பச் சொன்னோம், ஒரு பம்ப் முனகிவிட்டு நின்றது. ஒரு காலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டுக்கு மேல். ஆயிரம் பவுண்டு ஏற்ற 120 காலன் தண்ணீர் வேண்டும், வாளியால் ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை. டவரைப் பிடித்து உலுக்கினோம். போல்ட் இறங்கும் இடத்தில் ஃபைபரில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். சீட்டைக் கடைசியில்தான் பார்த்தோம். கிழிந்திருந்தது, அதைச் சொல்லி ஆயிரம் டாலர் குறைத்தோம். கிழிந்த சீட்டுக்காரர் ஒன்பது வருட ரசீதுகளைக் கோப்பு போட்டு வைத்திருந்தார்; ஒவ்வொரு நவம்பருக்கும் ஒரு ரசீது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அப்புறம் ஏரியில் முழு எடையோடு ஒரு மணி நேரம் ஓட்டி, கரைக்கு வந்ததும் மறுபடி ஆயில் குச்சி.

டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 1411 என்றிருந்தது. பன்னிரண்டு வயது டயரில் ஐயாயிரம் பவுண்டை நெடுஞ்சாலையில் இழுத்து வந்திருக்கிறேன். மணி மீட்டரையும் ரொம்ப நம்ப வேண்டாம். இருபது வருடத்தில் வெறும் இருநூறு மணி நேரம் ஓடிய படகு என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ரப்பரும் சீலும் சும்மா கிடந்தே காய்ந்து போயிருக்கும்.

காகித வேலை ஒன்று. ஜார்ஜியாவில் காருக்கு இருப்பது போலப் படகுக்கு டைட்டில் என்ற உரிமைச் சான்று கிடையாது. மாநில இயற்கை வளத் துறையின் பதிவும் விற்பனைச் சீட்டும்தான் ஆதாரம். அதனால் பின்பலகையின் வலப்பக்க மேல் ஓரத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணை நீங்களே படித்து, பதிவோடு ஒப்பிட வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். அதன் மேல் கடன் இருக்கிறதா என்பதையும் காசு கொடுக்கும் முன்பே விசாரிக்க வேண்டும். பிள்ளைகளை ஓட்டவிடப் போகிறீர்கள் என்றால், 1998 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே படகுப் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும். என் மகள் ஒரே வார இறுதியில் இணையத்தில் முடித்துவிட்டு, இழுக்கும்போது பின்னால் பார்க்க ஓர் ஆளோ அகலக் கண்ணாடியோ கட்டாயம் என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

இப்போது வருடா வருடம் தீபாவளி முடிந்த வாரம் நானும் அவளும் கராஜில் உட்கார்ந்து தண்ணீர் வடிக்கிறோம். அவள் டார்ச் பிடிப்பாள், நான் குறடு. தண்ணீர் வடிக்கும் துளையின் பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் காலி என்று அர்த்தமில்லை, துரு அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தினால் பொலபொலவென்று கொட்டும். போன முறை அப்படித்தான் ஒரு பிளக்கிலிருந்து சொட்டுக்கூட வரவில்லை. சரி, முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அவள் கம்பியை வாங்கி இரண்டு குத்து குத்தினாள். அரை சொம்புத் தண்ணீர் என் முழங்கால் மேலேயே கொட்டியது. கழற்றிய பிளக்குகளை எண்ணி, ரசப்பொடி வந்த ஜிப் பையில் போட்டு, ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஏப்ரலில் மூடியைத் திறந்தால் கராஜ் முழுக்க மிளகு வாசம்.